அரைப் பெட்டி எண்ணெய்

சங்கிலி இல்லாத மோட்டார் சைக்கிள் என்று சொன்னால் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒருவரும் நம்பவில்லை. வந்து குனிந்து பார்த்து, சக்கரம் எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டு, இவர் சொன்ன பதிலையும் நம்பாமல் போனார்கள். இருபத்துநாலில் வந்த பெரிய வெள்ளத்துக்கு மறுவருஷம் மூணாறு மலையிலிருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பினபோது அவரிடம் வாங்கி வந்த வண்டி அது. இன்ஜினிலிருந்து பின்சக்கரம் வரை சங்கிலிக்குப் பதிலாக ஓர் இரும்புத் தண்டு ஓடும். தண்டின் கடைசியில், சக்கரத்தை ஒட்டி, உரித்த தேங்காய் அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள் எண்ணெயில் கிடக்கும். அதற்கு வால் பெட்டி என்று பெயர் வைத்தவள் நான்தான்.

இவர் என்று நான் சொல்வது என் வீட்டுக்காரரை. ஊர் அவரைக் குப்பண்ணன் என்று கூப்பிட்டது. நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எங்களில் வழக்கமில்லை. இப்போது கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அவர் போய் மூன்று வருஷமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிக்கு எண்ணெய் போடுவது எங்கள் இரண்டு பேருக்குமான வேலை. அவருக்குத் தொந்தி பெரியது, முழங்கால் மடங்காது. அதனால் குனிகிற வேலையெல்லாம் என்னுடையது, பேசுகிற வேலையெல்லாம் அவருடையது. முருங்கை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, தண்டின் மூட்டில் விரலால் கிரீஸ் அப்புவேன். எண்ணெய் டின்னை அதற்கு முன்பே வெயிலில் வைத்திருப்பேன், இல்லாவிட்டால் பாகு போல இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். வால் பெட்டிக்கு இரண்டு திருகு. மேல் திருகைக் கழற்றி ஊற்ற வேண்டும். பக்கத்துத் திருகையும் கழற்றி வைத்து, அந்த ஓட்டை வழியாக எண்ணெய் சொட்டத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். அப்போது பெட்டி பாதிதான் நிறைந்திருக்கும். அதுதான் கணக்கு என்று வண்டி பழுது பார்க்கிற கோயமுத்தூர் மேஸ்திரி அடித்துச் சொல்லியிருந்தார். அதிகமானால் சூட்டில் பொங்கிப் பிரேக்குக்குள் போய்விடும், அப்புறம் பின்சக்கரத்துப் பிரேக் பிடிக்காது என்றும் சொன்னார்.

எனக்கு அந்தப் பாதிதான் ஆகவில்லை. எங்கள் அம்மா வீட்டில் படி அளந்தால் தலை தட்ட மாட்டோம், குவித்துத்தான் அளப்போம். விளக்குக்கு எண்ணெய் விட்டால் விளிம்பில் ஒரு சொட்டு வழிந்தால்தான் கையை எடுப்போம். அரைகுறையாக விட்டால் அந்த வீட்டுக்குக் குறை வரும் என்று சொல்லி வளர்த்தார்கள். என் புருஷன் ஏறிப்போகிற வண்டிக்கு நான் என் கையால் அரைப் பெட்டி ஊற்றுவதா? மேஸ்திரிக்கு என்ன, அவர் பெண்டாட்டியா வண்டிக்கு எண்ணெய் விடுகிறாள்? இவர் கை கழுவப் போகிற நேரம் பார்த்துப் பக்கத்துத் திருகை மூடிவிட்டு, மேலே வழிகிற வரைக்கும் ஊற்றிவிடுவேன்.

அடுத்த ஞாயிறு திறந்தால் பழையபடி பாதிதான் இருக்கும். இத்தனை எண்ணெயைக் குடித்திருக்கிறதே, மேஸ்திரி பேச்சைக் கேட்டிருந்தால் பல்சக்கரம் காய்ந்தே போயிருக்கும் என்று எனக்குள் ஒரே பெருமை. அவரிடம் ஜாடையாகச் சொல்வேன். "உன்ற வண்டி குடிகார வண்டி புள்ள" என்று சிரிப்பார். கையெல்லாம் எண்ணெயும் முகத்தில் கரியுமாக நான் நிமிரும்போது, தன் தோள் துண்டாலேயே துடைத்துவிடுவார். மாமியார் பார்த்தால் என்ன நினைப்பார் என்று நான் பதறுவேன். அவர் ஒன்றும் பதறமாட்டார். ஐந்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், என் நகை எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

கடைசி ஞாயிறு, மறுநாள் அவர் பொள்ளாச்சிக்குப் போக வேண்டியிருந்தது. தூரம் அதிகம் என்று அன்றைக்கு வழக்கத்தைவிடத் தாராளமாக ஊற்றினேன். மேல் திருகைப் போட்டபோது எண்ணெய் பிதுங்கி என் விரலில் வழிந்தது. மனசு நிறைந்தது.

திங்கட்கிழமை காலையில் ஆற்று இறக்கத்தில் விழுந்துவிட்டார். தலை கல்லில் மோதியிருந்தது. குறுக்கே ஆட்டுக்குட்டி ஓடியது, அதைத் தப்பிக்கவிடப் போய் வண்டியைச் சாய்த்துவிட்டார் என்று ஆடு மேய்த்தவன் சொன்னான். எனக்குச் சமாதானம் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் மாட்டு வண்டியில் போட்டு மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கியபோது அதன் பின்சக்கரத்தை நான் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு எண்ணெய் வழிந்திருந்தது. மேஸ்திரி சொன்னது காதில் திரும்பக் கேட்டது. பிரேக் பிடிக்கவில்லை, என் கைதான் அவரைத் தள்ளிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் விதி என்று அழுதார்கள், எனக்கு அழக்கூட உரிமையில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

வண்டி தட்டுமுட்டு அறையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. யாரையும் தொடவிடவில்லை. வீட்டில் மற்றதெல்லாம் பழையபடியே நடந்தது. மாறிப்போனது எங்கள் மாட்டு வண்டி ஒன்றுதான். அது அவர் போன மாதத்திலிருந்து அச்சில் கத்த ஆரம்பித்தது. வண்டியோட்டி வெள்ளிங்கிரி விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துப் பூசுவார், இரண்டு நாளில் மறுபடி கத்தும். இத்தனை வருஷம் கத்தாத வண்டி இப்போது ஏன் கத்துகிறது, உடம்பு வணங்கவில்லையா என்று திட்டுவேன். அவர் தலையைக் குனிந்துகொள்வார்.

போன மாதம் மூணாறு மலையில் பள்ளிவாசல் என்கிற ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து சூசையப்பன் என்கிற ஃபிட்டர் வந்தார். தேயிலை ஃபேக்டரி இயந்திரங்களைப் பார்க்கிறவர், வண்டியை விலைக்குக் கேட்டிருந்தார். கொடுத்துத் தொலைத்தால் நெஞ்சில் இருப்பதும் கூடவே போய்விடும் என்று நினைத்துத்தான் வரச்சொன்னேன். அவரும் வெள்ளிங்கிரியும் வண்டியை முருங்கை மரத்தடிக்கு உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

சூசையப்பன் முதலில் வால் பெட்டியைத் தடவினார். அடியில் ஒரு விரிசல் இருந்தது. பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைத் திறந்தார். நான் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்காமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், வாய் கேட்டுவிட்டது. பிரேக்கில் எண்ணெய் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றேன்.

"எண்ணெயா? இங்க பாருங்கம்மா, பிரேக்குப் பட்டை காஞ்சு கெடக்கு. ஒரு பொட்டு எண்ணெ ஏறலை. பெட்டி கல்லுல அடிபட்டு விரிஞ்ச பெறகுதான் எண்ணெ வெளிய கொட்டியிருக்கு."

"நெறையா ஊத்தியிருந்தா?"

"நெறைய ஊத்தியிருந்தா மொதல்ல இங்கதான் வந்து நிக்கும். ஊத்துனவங்க அளவு தெரிஞ்சுதான் ஊத்தியிருக்காங்க."

அளவு தெரிந்து நான் ஊற்றவில்லை என்பது எனக்குத்தானே தெரியும். விரலில் வழிந்த எண்ணெய் பொய்யா? என்ன சொல்கிறார் இந்த மனிதர் என்று நான் முழிக்க, வெள்ளிங்கிரி துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். என் வீட்டுக்காரரை அவர் பண்ணாடி என்றுதான் சொல்வார்.

"பண்ணாடி யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாருங்க. ஞாயித்துக்கெழம மத்தியானம் நீங்க கண்ணசந்ததும் பக்கத்துத் திருகக் கழட்டி, மேல இருக்கற எண்ணெயெ வடிச்சுப்போடுவாருங்க. ஒரு ஆழாக்கு இருக்கும். நம்ம மாட்டு வண்டி அச்சுக்குப் போட்டுக்கடான்னு எங்கிட்டத் தருவாரு."

"அந்தக் கடேசி ஞாயித்துக்கெழமயும்?"

"அன்னிக்குந்தானுங்க. அன்னிக்கு ஆழாக்கு நெறஞ்சு வழிஞ்சுதுங்க. பொள்ளாச்சி தூரமாச்சே, புள்ள பயந்து ஊத்தியிருக்குதுன்னு சிரிச்சாருங்க."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஊற்றிவிட்டு நிமிரும்போது என் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் இருக்குமாம், அதைக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லையாம். இதைச் சொல்லும்போது வெள்ளிங்கிரி என் முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம். ஐந்து வருஷம் என்னை ஏமாற்றியிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மூன்று வருஷம் நான் வெந்திருக்க வேண்டாம். அந்தத் தொந்தியோடு, மடங்காத முழங்காலை எப்படி மடக்கி அந்த ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார்? அதை நினைத்ததும் கோபம் இறங்கிவிட்டது. வெளியூர்க்காரர் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதேன். அவருக்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

வண்டியைச் சூசையப்பனுக்கே கொடுத்துவிட்டேன். அரைப் பெட்டிக்கு மேல் ஊற்றாதீர்கள் என்று நானே சொல்லி அனுப்பினேன். மிச்சமிருந்த எண்ணெய் டின்னை மட்டும் கொடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு அதை வெயிலில் வைத்து இளக்கி, ஆழாக்கில் வழிய வழிய ஊற்றி வெள்ளிங்கிரியிடம் கொடுத்தேன். மறுநாள் எங்கள் மாட்டு வண்டி சத்தமில்லாமல் சந்தைக்குப் போனது.