பாதிப் பக்கம்

1996இல் வினோலியா ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். வீடு ஒற்றை அறை, மேலே தகரம். பத்து மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியாது. அதனால் தினமும் தெருமுனையில் இருந்த கிளை நூலகத்துக்குப் போய்விடுவாள். திண்டுக்கல்லிலேயே அவளுக்குப் பிடித்த இடம் அதுதான். மின்விசிறி ஓடும். ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். பக்கத்து நாற்காலியில் சுகன்யா உட்காருவாள். அவளும் அதே படிப்புதான், வேலை இல்லை. எதிரே வெங்காயப்பேட்டையில் மூட்டை தூக்கும் சுருளிவேல், சட்டையில் சருகு ஒட்டியிருக்க, நாளிதழை எழுத்துக்கூட்டி முணுமுணுத்தபடி படிப்பார். நூலகர் நல்லுசாமி அதைக்கூடத் தடுத்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை நாளிதழில் அந்த விளம்பரம் வந்தது. தனியார் பள்ளிக்கு ஆசிரியை தேவை, ஒரே ஒரு இடம். சுகன்யா இன்னும் வந்திருக்கவில்லை. முகவரியைக் குறித்துக்கொள்ளப் பையில் பேனா இருந்தது. ஆனாலும் வினோலியா இருமிக்கொண்டே பாதிப் பக்கத்தைக் கிழித்துச் சான்றிதழ் பைலுக்குள் செருகினாள்.

சுகன்யா வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் சுருளிவேல் அந்த நாளிதழைத் தூக்கிக் காட்டினார்.

“ஐயா, இதுல பாதியக் காணோமே.”

நல்லுசாமி எழுந்து வந்தார். “ஒங் கையிலதான்யா இருக்கு? வடை மடிக்கக் கிழிச்சியா?”

“நான் எதுக்குங்கய்யா கிழிக்கப் போறேன்? படிக்கத்தான வாரேன்.”

“அவரு செய்ய மாட்டாரு சார்” என்றாள் சுகன்யா.

வினோலியா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் முதல் பைகளை வெளியே வைக்கச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டால்தான் நாளிதழ், அதுவும் பத்து நிமிடம். சுருளிவேல் வருவதை நிறுத்திக்கொண்டார்.

வேலை வினோலியாவுக்குக் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பேட்டையில் அவரைப் பார்த்தாள். ஒதுங்கிப் போக நினைப்பதற்குள் அவரே கூப்பிட்டார்.

“என்னம்மா, லைப்ரரிக்குப் போறியா? சாரு நல்லாருக்காரா?”

அந்த விசாரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

“அண்ணே, அன்னைக்குக் கிழிச்சது நான்தான்.”

அவர் மூட்டையை இறக்கி வைத்தார்.

“எம் மக காதுக்குப் போயிருச்சும்மா. ‘திருடுனியாப்பா’ன்னு கேட்டுட்டா.” துண்டால் கழுத்தைத் துடைத்தார். “எங்கிட்டச் சொல்லி என்ன? அவருகிட்டப் போய்ச் சொல்லு.”

அன்று மாலையே போனாள். சுகன்யா உள்ளே இருந்தாள். அவளுக்கும் கேட்கும்படியாகவே வினோலியா எல்லாவற்றையும் சொன்னாள். சுகன்யா நாளிதழை மடித்துக் கொடுத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே வெளியேறினாள்.

நல்லுசாமி கண்ணாடியைக் கழற்றினார். “அந்தாளு முன்னாடி நான் எப்படிம்மா போய் நிப்பேன்?”

மறுநாள் காலையில் இருவரும் பேட்டைக்குப் போனார்கள். நல்லுசாமி கையெடுத்துக் கும்பிட்டார். வினோலியாவும் கும்பிட்டாள். “சரிங்கய்யா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுருளிவேல் அடுத்த மூட்டைக்குக் குனிந்தார்.

நூலகத்தில் கட்டுப்பாடுகள் எடுக்கப்பட்டன. சுருளிவேல் மட்டும் திரும்பி வரவேயில்லை. வினோலியா பள்ளிக்குப் பஸ் ஏற, தெருமுனை நூலகத்தைத் தாண்டாமல் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனாள்.