ரீடர் வழியே போன தண்ணீர்

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்குப் போகும் தண்ணீரை நிர்வாகம் நிறுத்திய மறுநாள், ராவாங்கில் நித்தியாவின் வீட்டிலும், கிள்ளானில் ஒரே வரிசையில் இருந்த சில வீடுகளிலும், சுங்கை ஆயர் தாவாரில் தேவதாஸின் முடிதிருத்தும் கடையிலும் குழாய் வறண்டது. பக்கத்து வீடுகளில் தண்ணீர் தாராளமாக வந்தது. போன் செய்து கேட்டவர்களுக்கு, உங்கள் பகுதியில் தடை எதுவும் இல்லை என்று பணிவான பதில் கிடைத்தது. சிலாங்கூர்க்காரர்களுக்குத் தண்ணீர்த் தடை புதிதா என்ன? வாளியும் பீப்பாயும் இல்லாத வீடு கிடையாது. அதனால் முதல் நாள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒருவருக்கொருவர் விசாரித்துப் பார்த்தபோதுதான், வறண்ட வீடுகளில் எல்லாம் தனேஸ்வரியின் வலைப்பதிவைப் படிக்கிறார்கள் என்பது தெரிய வந்தது.

தனேஸ்வரி ஒன்பதாங்கட்டையிலேயே பிறந்தவள். கோலா சிலாங்கூரில் ஒரு கிளினிக்கில் பெயர் பதியும் வேலை. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக யாருக்கும் விளக்கம் சொன்னதும் இல்லை. தோட்டத்தை வீடமைப்பு நிறுவனம் ஒன்று வாங்கிச் செம்பனை மரங்களைச் சாய்த்த பிறகு, சனங்கள் ராவாங், கிள்ளான் என்று பிழைப்புத் தேடிச் சிதறினார்கள். லயத்தின் வரிசை வீடுகளில் எட்டு மிஞ்சின. போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் நடுவில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு அடியில் எந்தச் செய்தியும் ஒரு மணி நேரம் உயிரோடு இருக்காது. லயத்தில் ஒரு மாமி இறந்த செய்திக்கு மூன்று பேர் கைதட்டும் படம் போட்டதைப் பார்த்த அன்று, தனேஸ்வரி குழுவை விட்டு வெளியேறிச் சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்கினாள். யார் வீட்டுக் கூரை பறந்தது, முனியாண்டி கோயிலில் இன்று விளக்கு வைத்தது யார், காலி வீடுகளில் எதில் பாம்பு குடிவந்தது என்று தினம் நாலு வரி. அந்த எழுத்தில் அழகு இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாள் தப்பினால் என்ன ஆச்சு என்று போன் வரும்.

ஒருவர் எழுதிவிட்டாரா என்று தினமும் தேடிப் போய்ப் பார்ப்பது சோம்பேறிகளுக்கு ஆகாத காரியம் என்பதால், உலகத்தில் ஃபீட் ரீடர் என்ற ஒன்று இருக்கிறது. பிடித்த பதிவுகளை அதில் சேர்த்துவிட்டால் அதுவே போய்ப் பார்த்து, புதிதாக ஏதும் இருந்தால் எடுத்துவந்து கொடுக்கும். கோலா சிலாங்கூரில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் கணேஸ்வரன்தான் ஒன்பதாங்கட்டைக்காரர்கள் பலருக்கும் அதை ஏற்றிக் கொடுத்தவன். ஆளைப் பார்த்து ரீடர் கொடுப்பான். தனேஸ்வரியின் தங்கை நித்தியா பொறுமை என்றால் என்னவென்று அறியாதவள். அவளுக்கு அரைமணிக்கொருதரம் போய்ப் பார்த்து மணியடிக்கும் ரீடர். கிள்ளான் உறவுகள் எதையும் முழுசாகப் படிக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தலைப்பை மட்டும் காட்டும் இலவச ரீடர். தேவதாஸ் யாரையும் நம்பாத மனிதர், கடை மூலையில் கிடந்த பழைய கணினியில் தானே ஒன்றை அமைத்துக்கொண்டார். எல்லாப் பதிவுகளையும் கட்டி விடியற்காலையில் ஒரே மின்னஞ்சலாக அனுப்பும் ரீடரும் இருந்தது. ஆறிப்போன கஞ்சி யாருக்கு வேண்டும் என்று அதை ஒருவரும் சீண்டவில்லை.

லயத்தை உடைக்கும் முன் எட்டுக் குடும்பங்களுக்கும் தான் கட்டும் புதுத் தாமான் குடியிருப்பில் ஆளுக்கொரு வீடு தருவதாக அந்த நிறுவனத்தின் நிர்வாகம் சொல்லியிருந்தது. வீடுகளும் கட்டி முடிந்தன. ஆனால் முதலில் காலி செய்யுங்கள், சாவி பிறகு என்றார்கள். பக்கத்துத் தோட்டத்தில் இதே பேச்சை நம்பிக் கிளம்பியவர்கள் இன்னமும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் காளியண்ணன், “சாவி கைக்கு வரட்டும், காலு தன்னால நடக்கும்” என்று சொல்லிவிட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கோர்ட் வருடக்கணக்கில் செய்வதைத் தாகம் ஒரே வாரத்தில் செய்துவிடும் என்று யாரோ யோசனை சொன்னார்கள் போலிருக்கிறது. லயத்துக்கு வரும் இரும்புக் குழாயில் நீளமாக ஒரு துண்டை அறுத்து லோரியில் ஏற்றிப் போனார்கள். அன்று மாலை தனேஸ்வரி இரண்டே வரி எழுதினாள். தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், நாங்கள் போகப்போவதில்லை.

அந்தப் பதிவைத் தொட்ட ஒவ்வொரு ரீடரும் தன் குணப்படி தண்ணீரை எடுத்தது. நித்தியாவின் வீட்டில் அரைமணிக்கொருதரம் குழாய் விக்கி நின்றது. தலைப்பு மட்டும் வரும் கிள்ளான் வீடுகளில் சமையலறைக் குழாய் மட்டும் வறண்டது, குளியலறைக்குக் குறைவில்லை. இணையம் இல்லாத இடத்திலும் படிப்பதற்காக மொத்தத்தையும் இறக்கி வைக்கும் ரீடர் வைத்திருந்த ஒரு லோரி ஓட்டுநர் வீட்டில் கூரைத்தொட்டி ஒரே மூச்சில் காலியானது. தேவதாஸ் தன் கணினியில் நேரத்தைத் திருத்தி, வாடிக்கையாளர் வராத மதியத்தில் மட்டும் வறளும்படி செய்துகொண்டார்.

போன தண்ணீர் லயத்துக்கு வந்தது. அறுபட்ட குழாய் அந்தரத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, காளியண்ணன் பழக்கதோஷத்தில் வாசல் பைப்பைத் திருகினார், தண்ணீர் கொட்டியது. விடியற்காலையில் அது வெதுவெதுப்பாக இருந்தது. தோட்டத்துக் குழாயில் எந்தக் காலத்திலும் வெந்நீர் வந்ததில்லை. நித்தியா கைக்குழந்தையைக் குளிப்பாட்ட ஹீட்டர் போடும் நேரம் அது என்பது தனேஸ்வரிக்குத் தெரியும். அந்தச் சூட்டில் கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள், கண் கலங்கியது. பிறகு உள்ளே போய் நடந்ததை நடந்தபடி எழுதினாள். இங்கே வருவது உங்கள் வீட்டுத் தண்ணீர், கஷ்டமாக இருந்தால் ரீடரிலிருந்து என் பதிவை எடுத்துவிடுங்கள், எங்களுக்குக் கோபமில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ரீடரிலிருந்து ஒரு பதிவை எடுத்துவிட விரலால் ஒரு தட்டு போதும். அன்றைக்கே சிலர் தட்டினார்கள். தட்டியவர் வீட்டில் தண்ணீர் பீறிட்டது, லயத்தில் அந்த அளவு குறைந்தது. யார் யார் என்று சொல்வது நாகரிகமில்லை. கோயில் நன்கொடைப் பலகையில் முதல் பெயருக்கு உரியவர் அவர்களில் ஒருவர் என்பதோடு விட்டுவிடலாம். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். கணேஸ்வரன் கடையில் கூட்டம் நெரிந்தது. எந்த ரீடருக்கு எவ்வளவு தண்ணீர் போகும், எதை வைத்தால் துணி துவைக்கவாவது மிஞ்சும் என்று சனங்கள் அரிசி ரகம் விசாரிப்பது போல விசாரித்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பகலில் மட்டும் ஓடும் ரீடருக்கு மாறினார்கள். இரவு வேலைக்காரர்கள் இரவில் ஓடுவதை வாங்கினார்கள். இப்படி ஆளுக்குக் கொஞ்சமாக விட்டுக்கொடுத்ததில் எட்டு வீட்டு அடுப்பும் எரிந்தது.

நித்தியாவின் கணவன் லிங்கேஸ்வரன் கெட்டவன் இல்லை. குழந்தையின் துணிகளைத் துவைப்பது அவன் பொறுப்பு, அதனால் அவனுக்குத்தான் முதலில் பொறுமை போனது. பச்சைப்பிள்ளை வீட்டில் தண்ணீர் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாது என்று ஒரு நாள் சத்தம் போட்டான். அது எப்படியோ தனேஸ்வரி காதுக்குப் போய்விட்டது. உடனே தங்கைக்குப் போன் செய்தாள்.

“நீ எடுத்துரு நித்தி. கைப்பிள்ளய வெச்சிக்கிட்டு ஒனக்கு இதெல்லாம் வேணாம்.”

“எடுத்துட்டா ஒனக்கு?”

“இங்க எப்படியோ ஓடும் லா.”

“எப்படியோ ஓடாதுக்கா. எவன் வீட்டுலயாச்சும் நின்னாதான் அங்க ஓடும். நீ சும்மா இரு.”

மறுநாள் நித்தியா யாரும் சீண்டாத அந்தக் காலை மின்னஞ்சல் ரீடருக்கு மாறினாள். அதன்பின் குழாய் விடியற்காலையில் ஒருமுறை வறண்டு, வெயில் ஏறும் நேரத்தில் திரும்பியது. லிங்கேஸ்வரன் முந்தின மாலையே வாளிகளை நிரப்பி வைக்கக் கற்றுக்கொண்டான். முணுமுணுப்பு மட்டும் நிற்கவில்லை, அதை நித்தியா வானொலி மாதிரி ஓடவிட்டுவிட்டாள்.

தாகத்தில் சுருண்டிருக்க வேண்டிய லயத்தில் கீரைப்பாத்தி பச்சைப்பசேல் என்று இருப்பதைப் பார்த்து நிர்வாகத்துக்குத் தலை சுற்றியது. குழாயின் வாயைச் சிமெண்டு வைத்து அடைத்துப் பார்த்தார்கள், பலனில்லை. அந்தப் பெண் என்ன எழுதுகிறாள் என்று கவனிக்கும்படி புவனேசன் என்ற அதிகாரியிடம் சொன்னார்கள். புவனேசன் ஒன்பதாங்கட்டையில் கணக்கெழுதிய பழைய கிராணியுடைய மகன். லயத்துப் பிள்ளைகளோடு விளையாடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன், விளையாடவும் இல்லை. அலுவலகம் அவனுக்குக் காசு கொடுத்து வாங்கிய ரீடர் ஒன்றைக் கொடுத்தது. ஐந்து நிமிடத்துக்கொருதரம் போய்ப் பார்க்கும், ஒரு எழுத்து விடாமல் எடுத்துவரும், எதையும் அழிக்காது. ராவாங்கில் காவலாளி நிற்கும் தாமானில் இருந்த அவன் வீட்டுக் குழாய்கள் அன்றிலிருந்து ஒரு சொட்டும் தரவில்லை. பிளம்பர்கள் வந்து சுவரை உடைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். லயத்திலோ துரைமார் காலத்தில்கூடக் காணாத வேகத்தில் தண்ணீர் வந்தது. தண்ணீர் எப்படிக் கூடியது, இன்னும் உன்னிப்பாகக் கவனி என்று மேலிடம் சொன்னது. அவன் ரீடரை நிமிடத்துக்கொருதரம் பார்க்கும்படி மாற்றினான். லயத்தில் வாழை வைத்தார்கள்.

ஒரு தீபாவளி போய் அடுத்த தீபாவளி வந்தது. பிடிவாதம் எல்லோருக்கும் ஒரே நீளத்தில் அமைவதில்லை. ஒருவர் வீட்டில் பிரசவம், ஒருவர் வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சை, ஒருவர் வீட்டில் மாமியார் வந்து இறங்கிவிட்டார். ஒவ்வொருவராகத் தட்டிவிட்டார்கள். கடைசியில் நித்தியா, தேவதாஸ், இன்னும் ஓரிருவர், அப்புறம் வேவு பார்க்கும் புவனேசன் என்று ஆனது. அந்தச் சமயத்தில் மேலிடம் அறிக்கை படித்துச் சலித்துப்போய், கவனித்தது போதும், மாதக் கடைசியோடு அந்த ரீடருக்குக் காசு கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கடைசி அறிக்கைக்காக லயத்தை நேரில் பார்க்கப் புவனேசன் காடியை ஓட்டிக்கொண்டு வந்தான்.

நல்ல வெயில். காளியண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து அவனை உட்கார வைத்தார். கிராணியின் மகன் உட்கார்ந்தான். வாழைமரங்களைப் பார்த்தபடி, “எங்க வீட்டுல ஒரு வருசமா தண்ணியே இல்லங்கய்யா” என்றான்.

காளியண்ணன் பைப்பைத் திருகி ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். “தெரியும் தம்பி. ராவாங்குல அதே பேச்சுதான். குடிங்க. ஒங்க வீட்டுத் தண்ணிதான்.”

வேலையிலிருந்து அப்போதுதான் வந்த தனேஸ்வரி மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவன் எதிரில் நின்றாள். “நீங்க பாக்குறத விட்டுட்டா நாளைக்கு எட்டு வீட்டுக்கும் சேத்து ஒரு வாளி தேறாது. விடுறதும் வெக்கிறதும் ஒங்க இஷ்டம். நாங்க மட்டும் போறதா இல்ல.”

புவனேசன் குடித்தான். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கி அதையும் குடித்தான். அறிக்கையில் என்ன எழுதினான் என்பது யாருக்கும் தெரியாது. திரும்பும் வழியில் கோலா சிலாங்கூரில் காடியை நிறுத்தி, கணேஸ்வரன் கடைக்குள் போய்ச் சொந்தக் கைப்பேசியை மேசைமேல் வைத்தான். எந்த ரீடர் வேண்டும் பாஸ் என்று கணேஸ்வரன் கேட்டபோது, இருக்கிற எல்லாவற்றையும் போடு என்றான். நிமிடத்துக்கு ஓடுவது, தலைப்பு காட்டுவது, காலை மின்னஞ்சல், மொத்தமாக இறக்குவது, ஒன்று விடவில்லை. அன்று முதல் பெட்ரோல் நிலையத்தில் குளித்துவிட்டு வேலைக்குப் போனான். அவன் வீட்டுச் சுவரில் பல்லிகூடத் தங்கவில்லை என்பார்கள். லயத்தில் தண்ணீர் பைப்பைத் தாண்டி வாய்க்காலில் ஓடியது.

புதுத் திட்டத்தின் நுழைவாயில் லயம் இருந்த இடத்தில்தான் வந்தாக வேண்டும். வீடு வாங்க முன்பணம் கட்டியவர்கள் எப்போது எப்போது என்று நச்சரித்தார்கள். வற்றாத சனத்தோடு இனி மல்லுக்கட்டிப் பயனில்லை என்று ஒரு மதியம் நிர்வாகம் எட்டுச் சாவிகளையும் கொண்டுவந்து கொடுத்தது. காளியண்ணன் அதற்கும் அசையவில்லை. தனேஸ்வரி புதுத் தாமானுக்குப் போய் ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு சாவியால் திறந்து மூடிக் காட்டிய பிறகுதான் நாற்காலியை மடக்கினார். பொட்டு பொடிசோடு, முனியாண்டியோடு, வாழைக்கன்றுகளோடு அன்று மாலையே எட்டுக் குடும்பமும் நடந்தது. தட்டுமுட்டுச் சாமான் ஏற்றி இறக்கிய களைப்பில் தனேஸ்வரி அன்று எழுதவில்லை.

மறுநாள் விடியற்காலை ராவாங்கில் வழக்கமான மின்னஞ்சல் வந்தது, அதில் அக்காவின் பதிவு இல்லை. அக்காவுக்கு என்ன ஆனதோ என்ற நினைப்பில், வறண்டிருக்கும் என்று தெரிந்தே நித்தியா குழாயைத் திருகினாள். தண்ணீர் வேகமாக வந்தது. மூடினாள், மறுபடி திறந்தாள், மறுபடியும் வந்தது. இப்போது நடக்கத் தொடங்கியிருந்த குழந்தை அதில் கையை விட்டு அடித்தது. நித்தியா சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். லிங்கேஸ்வரன் பதறி ஓடிவந்து, குழாயைப் பார்த்துவிட்டு, அவளுக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்தான். அவன்தான் போனை எடுத்து அழைத்து அவள் காதில் வைத்தான்.

“சாவி வாங்கிட்டியாக்கா?”

“நான் இன்னும் எழுதவே இல்லியே. யாரு சொன்னா ஒனக்கு?”

“தண்ணி வந்துருச்சி.”



தனேஸ்வரி புதுத் தாமானிலிருந்து இன்றும் தினம் நாலு வரி எழுதுகிறாள். விட்டுப்போனவர்கள் எல்லோரும் கணேஸ்வரன் கடைக்குப் போய்ப் பதிவை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். புவனேசன் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டான், ஆனால் ரீடர் ஒன்றையும் எடுக்கவில்லை. நித்தியா மட்டும் கைப்பேசியிலிருந்து ரீடரை அழித்துவிட்டாள். இப்போது அவளுக்குக் குழாயே ரீடர், விடிந்ததும் சமையலறையில் அதைத் திறந்து பார்க்கிறாள். நன்றாக வந்தால் அக்கா நன்றாக இருக்கிறாள். தண்ணீர் வரக் கொஞ்சம் இழுத்தால் போன் போடுகிறாள்.