அலாபதி கூவிய பெயர்

என் தங்கை லனுவோலா வாய் திறந்தால் எங்கள் ஊரே காது கொடுக்கும். நான் பேசினால், பக்கத்தில் இருப்பவர்கூட ‘என்ன சொன்னே?’ என்று கேட்பார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அப்பா இறந்ததும் அவருடைய குடும்பத் தலைமைப் பட்டம் யாருக்கு என்று உறவினர்கள் இரண்டு நாள் கூடிப் பேசினார்கள். அவர்களுக்குக் கொக்கோ காய்ச்சிக் கொடுத்தது நான். பட்டம் அவளுக்குப் போனது. படித்தவள், தலைநகர் ஆபியாவில் சுகாதார அலுவலகத்தில் இருப்பவள், மைக்கைப் பார்த்தால் பயப்படாதவள். மூத்தவள் நான் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. யாராவது எடுப்பார்கள் என்று கொக்கோவைக் கிளறிக்கொண்டே காத்திருந்தேன்.

பட்டம் உள்ளவர்தான் நாடாளுமன்றத்துக்கு நிற்கலாம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஊருக்குச் செய்ய வேண்டியதையும் அவர் செய்திருக்க வேண்டும். அவள் ஆபியாவில் இருந்தாள், செய்தது நான். பன்றி வளர்த்தேன், சேப்பங்கிழங்கு சுட்டேன், தாழம்பாய் முடைந்தேன், எல்லாவற்றையும் சுமந்து போய் ஊர்ச்சபை வாசலில் இறக்கினேன். அங்கே நின்று, வரும் காணிக்கைகளை ஊருக்கு அறிவிக்கும் பெரியவர் அலாபதி ஒவ்வொரு முறையும் அவளுடைய பட்டத்தைத்தான் உரக்கக் கூவுவார். யார் பெயரைக் கூவுகிறாரோ அவர்தான் கொடுத்தவர். சுமந்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இரண்டாம் ஆண்டு ஊர் ஒரே ஒரு முறைதான் காணிக்கை கேட்டது, பள்ளிக்கூடத் திறப்புக்காக. எட்டு மாதம் முடைந்த பாயைக் கொண்டுபோனேன். அலாபதியின் காதருகே குனிந்து, இன்று என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, “சியெனியின் பாய்” என்று கூவினார். கடலில் படகு தள்ளிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று நான் சாப்பிடவே இல்லை. பசிக்கவில்லை.

இந்த ஆண்டு அவள் தேர்தலுக்கு மனு கொடுத்தாள். எங்கள் தொகுதியிலிருந்து இதுவரை ஒரு பெண்ணும் போனதில்லை. மகளிர் குழு அவளுக்காகப் பாட்டுக் கட்டியது. துணியில் அவள் படத்தைப் பெரிதாக அச்சடித்துத் தென்னைகளுக்கு நடுவே கட்டினார்கள். அவளைத் தவிர நின்றது இப்போதைய உறுப்பினர் மட்டும். அந்த இரண்டாம் ஆண்டு அவள் பட்டத்தின் பேரில் எதுவுமே வரவில்லை என்பதை அவருடைய ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். சபை என்னைக் கூப்பிட்டது. என் பதிலைக் கேட்டபிறகுதான் ஊர்ப் பிரதிநிதி உயெலே அவளுடைய சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்.

அதற்கு முந்தைய மாலை லனுவோலா வந்தாள்.

“அக்கா, அலாபதிக்கு வயசாயிடுச்சு, பேரை மாத்திக் கூப்பிட்டுட்டாருன்னு சொல்லிடு. அவரும் சரின்னுட்டாரு.”

“அந்தப் பாய் யாரோடது?”

“நம்ம வீட்டுதுதானே.”

எங்கள் வீட்டில் ‘நம்ம’ என்று சொன்னதெல்லாம் கடைசியில் அவளுடையதாகத்தான் ஆகியிருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சபையில் பட்டக்காரர்கள் தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. அந்த வட்டத்தில் அவ்வளவு இயல்பாக உட்கார எங்கே கற்றாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அலாபதி தரையைப் பார்த்தார்.

“ஒரு வார்த்தை சொன்னா போதும், சியெனி,” என்றார் உயெலே. “நீ பேசறதுக்குள்ள மதியச் சாப்பாடு வந்துடும் போல.”

சிலர் சிரித்தார்கள். அவளும் லேசாகச் சிரித்தாள்.

“அவர் மாத்திக் கூப்பிடல,” என்றேன். “நான்தான் சொல்லச் சொன்னேன். அது என் பாய்.”

இந்த முறை யாரும் ‘என்ன சொன்னே?’ என்று கேட்கவில்லை. உயெலே பேனாவை மூடினார். எதிர்த்து நிற்க ஆளில்லாமல் பழைய உறுப்பினரே மறுபடியும் உறுப்பினரானார். மகளிர் குழுப் பெண்கள் துணியை அவிழ்த்துச் சுருட்டினார்கள். என்னை ஒருத்தியும் திட்டவில்லை. தேவாலயத்தில் என் பக்கத்தில் உட்காருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

கப்பலுக்குக் கிளம்பும்போது லனுவோலா என் வீட்டுக்கு வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை.

“கேட்டிருந்தா பட்டத்தையே உனக்கு விட்டுக் குடுத்திருப்பேன், அக்கா.”

பொய். கொடுத்திருக்க மாட்டாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் குரல் நடுங்காமல், என் கண்ணைப் பார்த்து, எவ்வளவு அழகாகச் சொன்னாள். அவளிடம் சொல்வதற்கு ஒரு வார்த்தை வேண்டுமென்று நான் மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதுவும் அவளுக்குத்தான் கிடைத்திருந்தது.