மாடியில் ஈரக்காற்று

அமலோற்பவம் தன் வீட்டு மாடியில் ஈரக்காற்றைக் குடிவைத்திருந்தாள். நல்ல மனிதர். சத்தம் போடமாட்டார். அவர் வந்த நாளிலிருந்து உப்பு கசிந்தது. தீக்குச்சி பற்றவில்லை. துவைத்த துணி காயவில்லை. அவள் குறை சொன்னதே இல்லை.

எல்லாம் மகள் ஷைனிக்காகத்தான். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு இருந்தது. அதன் மகரந்தம் பறந்தால் ஷைனிக்கு மூச்சு இளைக்கும். போன வருஷம் உதடெல்லாம் நீலமாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காற்றில் ஈரம் இருக்கும்வரை சவுக்குப் பூ வாய் திறக்காது.

ஒரு காலையில் சவுக்கு மரங்கள் வாசலுக்கு வந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றன. உயரமான மரம் பேசியது.

“மாடிக்காரர எப்பம்மா அனுப்புவீங்க?”

“அவரு இருப்பாரு.”

“எங்க பசங்க பூத்து நிக்கிறாங்க. தொறக்க முடியல. உள்ளயே பூஞ்சணம் புடிக்குது.”

மரம் ஒரு கிளையை நீட்டியது. நுனிப் பூக்கள் கறுத்திருந்தன. அமலோற்பவம் வேறு பக்கம் பார்த்தாள்.

“என் பொண்ணு மூச்சு விடணுங்க.”

“எங்க பசங்களும் விடணும்ல?”

அவள் யோசித்தாள். “மழையக் கூப்புடவா? எல்லாத்தையும் கழுவி மண்ணுல எறக்கிடுமே.”

“தூறல் வந்தா எங்களுக்கு நஷ்டம். இடிமழை வந்தா உங்களுக்கு. மகரந்தம் வெடிச்சுத் தூளாயிடும். நெஞ்சோட அடி வரைக்கும் போவும்.”

“அப்ப மேலக்காத்துல விடுங்க. கடலுக்குப் போயிடும்.”

“காத்து எங்க பேச்சக் கேக்காதும்மா. அது சொல்றததான் நாங்க கேக்குறோம்.”

மரங்கள் காப்பி வேண்டாம் என்றன. கிளம்பவும் இல்லை.

ஷைனி உள்ளேயிருந்து வந்தாள். “அவர அனுப்பிடும்மா.”

“போன வருஷம் கெடந்த கெடப்பு மறந்துபோச்சாடி?”

“மறக்கல. மூச்ச உள்ளயே அடைச்சிக்கிட்டு நிக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும்மா. அதுங்களும் அப்படித்தான் நிக்குதுங்க.”

அமலோற்பவம் மாடி ஏறினாள். ஒரு படி ஏறினால் மேலே ஒரு படி முளைத்தது. போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஈரக்காற்று பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“நான் போனா உங்களுக்குக் கஷ்டம்” என்றார்.

“தெரியும். போய்ட்டு வாங்க.”

அவர் இறங்கிப் போகப் போக, பின்னாலேயே சுவர்கள் காய்ந்தன.

கோயிலில் ஜனம் மொத்தமாக உட்காருவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பூக்கள் திறந்துவிட்டன. மஞ்சள் கிளம்பியது. முதலில் மேலக்காற்றுதான் வீசியது. மகரந்தம் கடல் பக்கம் போயிற்று. அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கடற்காற்று எழுந்தது. போனதையெல்லாம் திருப்பிக் கொண்டுவந்தது.

ஷைனிக்கு இளைப்பு வந்தது. விலா உள்வாங்கியது. அவள் மருந்தை உறிஞ்சினாள். போதவில்லை. அமலோற்பவம் ஜன்னலைச் சாத்த ஓடினாள். அறை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஜன்னலை எட்டிப் பிடித்தாள். ஆனால் ஈரத்தில் ஊறிக் கிடந்த மரச்சட்டம் இப்போது காய்ந்து சுருங்கியிருந்தது. கதவு பொருந்தவில்லை. இடைவெளி வழியாக மஞ்சள் நுழைந்தது. அவள் தன் முதுகை வைத்து அடைத்துப் பார்த்தாள். மஞ்சள் அவளைச் சுற்றிக்கொண்டு வந்தது. அனுப்பியிருக்கக் கூடாது என்று அழுதாள்.

அப்போது வெளியே, மகரந்தம் வாங்கிக் காய் பிடிக்கும் பெண்சவுக்கு ஒன்று வந்து நின்றது.

“உள்ள வரலம்மா. இங்கயே நிக்கிறேன்.”

அது கிளைகளை ஜன்னல் முழுக்க விரித்தது. காற்று கொண்டுவந்த மஞ்சளெல்லாம் அதன்மேலேயே தங்கிவிட்டது. உள்ளே வெறும் காற்று மட்டும் வந்தது. ஷைனியின் நெஞ்சில் கேட்ட விசில் சத்தம் மெல்ல மெல்லத் தணிந்தது.

“ஒனக்குப் பாரமா இல்லையா?” என்று அமலோற்பவம் கேட்டாள்.

“இதுக்குத்தான காத்துக்கிட்டு இருந்தேன்” என்றது மரம். “நீங்க பொண்ண நிமித்தி ஒக்கார வைங்க.”

அமலோற்பவம் மகளை நிமிர்த்தி உட்காரவைத்தாள்.