ஏழாவது வடிவம்

சிராங்கூன் சாலைச் சேலைக்கடைக்காரர் வீட்டில் பிறந்த சாமுண்டீஸ்வரி, வேண்டிய பொருளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். வேண்டாததைத்தான் கையில் எடுத்துத் தடவிக்கொண்டிருப்பாள். கண் போகும் இடம் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பது பள்ளிக்கூடம் போகுமுன்பே அவளுக்குத் தெரியும்.

இப்போது புவோனா விஸ்தாவில் ஓர் ஆய்வகத்தில், கொள்ளைநோய்க் கிருமிக்கான தடுப்பூசியைக் கணினியில் வடிவமைக்கிறாள். கிருமியின் வெளிப்புறப் புரதத்தைக் கணினி விதவிதமாக மாற்றிப் பார்த்து மதிப்பெண் போடும். தேறியவற்றில் சிலவற்றை மட்டும் பக்கத்து அறையில் ரவூப் நிஜமாகவே செய்து சோதிப்பான். இந்த முறை ஏழு வடிவங்கள் அனுப்பியிருந்தாள். ஏழாவதன் மேல்தான் அவளுக்கு உயிர். மதிப்பெண் கம்மிதான். ஆனால் கிருமி எத்தனை வேஷம் போட்டாலும் மாற்றிக்கொள்ளாத பகுதியை முழுசாக வெளியே காட்டியது அது ஒன்றுதான். இம்முறை விட்டால் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ரவூப் வந்து நின்றான். "ஆறுதான் முடியும் லா. ஒண்ணைக் கழிச்சிடு."

வாய் பழக்கதோஷத்தில் கிளம்பியது. "முதல் மூணும் தங்கம் ரவூப். அடுத்த மூணும் சோடையில்ல. ஏழாவது... சும்மா, இருந்தா இருக்கட்டும்."

ரவூப் புக்கிட் பாத்தோக்கில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் குடும்பம். "அப்ப ஏழாவது வேணாம்," என்று கோப்பி வாங்கப் போய்விட்டான்.

மின்தூக்கி வாசலில் போய்ப் பிடித்தாள். "நில்லு! எனக்கு ஏழாவதுதான் வேணும்."

"இப்பதானே சும்மான்னு சொன்ன?"

"அது பேரம்."

"என்கிட்டயா? நான் என்ன சேலையா விக்கிறேன்?"

"கிருமி மாத்திக்காத இடம் அதுலதான் நல்லாத் தெரியுது. மதிப்பெண்ணைப் பாக்காத. மூணாவதைக் கழிச்சிக்கோ, அது ரெண்டாவதோட ஜெராக்ஸ்."

"தங்கம்னியே?"

"முலாம்."

சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

சில வாரம் கழித்து, வரிசைக்கு ஒரு வடிவமாகச் சின்னக் குழிகளில் இட்ட சோதனைத் தட்டை அவள் முன்னால் வைத்தான். நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் ஒட்டிய குழியெல்லாம் மஞ்சளாகும். முதல் ஐந்து வரிசை வெளிறிக் கிடந்தது. ஏழாவது வடிவத்தின் வரிசை மட்டும், பழைய கிருமியால் நோய் வந்தவர், புதியதால் வந்தவர் என்று பாராமல், பளீரென்று மஞ்சள்.

"அடுத்து எலிக்கு எதை அனுப்பலாம்?"

"ஏழாவது."

"வேற?"

"வேற எதுவும் வேணாம். இது போதும்."

இன்னும் ஏதாவது வரும் என்று நின்று பார்த்தான். அவள் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி சிரித்துக்கொண்டிருந்தாள்.