குறைகளோடு ஒரு நற்சான்று

அன்றைய கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், பூத்துண்டு விரித்த நாற்காலியில் நிர்வாகப் பொறியாளர் வைத்திலிங்கம். அவருக்கு இடப்பக்கம், நாற்காலியை வேண்டுமென்றே ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கண்காணிப்பாளர் ராஜதுரை. ஜன்னலோரம் கம்ப்யூட்டருக்கு முன்னால் தட்டச்சர் நர்மதா. மின்விசிறிக்கு நேர் கீழே, வெயிலில் முகம் சிவந்துபோய், அயர்லாந்திலிருந்து வந்திருந்த நோரீன். வாசலை ஒட்டிய ஸ்டூலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், நோரீனின் பேச்சைத் தமிழில் எடுத்துச் சொல்ல வந்திருந்த லெப்பைக்குடிகாட்டுக் காமில்.

பெரம்பலூரில் கிராமக் குடிநீர்ப் பராமரிப்பு ஆபீஸ் அது. 2005ஆம் வருஷம், பங்குனி மாதம்.

நோரீனுடையது லிமரிக் என்ற ஊரில் இருக்கும் ஏழு பேர் கம்பெனி. அந்த நாட்டிலும் சில கிராமங்கள் தங்கள் குடிநீரைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. அவர்களுக்காக எழுதிய சாஃப்ட்வேரை வெளிநாட்டு அரசாங்கங்களுக்கு விற்க வேண்டும் என்பது அவள் திட்டம். ஆனால் எந்த அரசாங்கத்தின் வாசலில் போய் நின்றாலும் முதல் கேள்வி, 'வேறு எந்த அரசாங்க ஆபீசில் ஓடுகிறது?' என்பதுதான். அதற்குப் பதில் வேண்டும் என்பதற்காகவே இந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டரும் கொடுத்து, ஆறு மாதம் இலவசமாக ஓட்டிக்காட்டியிருந்தாள். அடிபம்பு ரிப்பேர், தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று வருகிற புகார்களையெல்லாம் நர்மதா அதில் பதிவு செய்வாள். எந்தப் புகார் யாரிடம் நிற்கிறது என்று அது காட்டும். இப்போது ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் குடிநீர்த் துறை டெண்டர் விட்டிருந்தது. பயன்படுத்திய ஆபீஸ் ஒரு நற்சான்று எழுதி, உறையில் முத்திரை வைத்து, கம்பெனியின் கை படாமல் நேரே அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

"வேற ஒண்ணும் வேணாமாம் சார். ஒரே ஒரு லெட்டர்தான்" என்றான் காமில்.

"ஒரு லெட்டருக்காகவா ஆறு மாசம் ஓசியில மிஷினை ஓட்டுனாங்க?" என்றார் ராஜதுரை. அவர் நோரீனைப் பார்க்கவில்லை, காமிலைத்தான் பார்த்தார். "அந்தம்மா பேரு என்ன, நூரினா?"

"நோரீன் சார். கிறிஸ்டியன்."

"இல்ல, உங்க சொந்தக்காரங்களோன்னு பாத்தேன்."

நர்மதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நோரீன் தன் பெயர் அடிபடுவதைக் கேட்டு எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சிரித்தாள்.

"அரியலூரைத் தனி மாவட்டம்னாங்க" என்று ராஜதுரை பொறியாளர் பக்கம் திரும்பினார். "ஃபைலெல்லாம் லாரியில ஏத்திக்கிட்டுப் போனோம். மறு வருசமே மாவட்டம் இல்லைன்னாங்க. அதே லாரியில திரும்பி வந்தோம். நம்ம கவர்மென்ட்டே இப்படி இருக்கு. இவங்க நம்ம கையெழுத்தைக் கொண்டுபோய் எங்க, எதுக்கு நீட்டுவாங்கன்னு யாரு கண்டா?"

வைத்திலிங்கத்துக்கு இரண்டு மணிக்கு வேறு கூட்டம் இருந்தது. "நீங்களே ஒரு டிராஃப்ட் போடுங்க ராஜதுரை. பாத்து" என்று எழுந்துவிட்டார்.

அந்தப் 'பாத்து' காமிலின் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஜாக்கிரதையாக எழுதச் சொன்னாரா, இல்லை கவனித்துக்கொள்ளச் சொன்னாரா? யார் யாரைக் கவனிப்பது?

காமிலுக்கு அந்தக் கடிதம் சும்மா ஒரு கடிதம் அல்ல. சவூதியில், தம்மாமில் ஒரு காண்ட்ராக்டர் ஆபீசில் இருந்தபோதுதான் நோரீன் அவனுக்குப் பழக்கம். லீவில் வந்தவனை, "எங்களுக்காக இந்தியாவில் நீ இருக்கிறாயா?" என்று கேட்டிருந்தாள். டெண்டர் கிடைத்தால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அவனுக்குச் சம்பளம் கொடுக்க அவள் கம்பெனிக்குத் தெம்பு இல்லை. அவனுடைய ரீ-என்ட்ரி விசா அடுத்த மாதத்தோடு முடிகிறது; அங்கே அவனுக்குப் பொறுப்பான முதலாளி, கஃபீல், இரண்டு தரம் போன் பண்ணிக் கேட்டுவிட்டான். கடிதம் போனால் ஊர், போகாவிட்டால் மறுபடியும் தம்மாம்.

நோரீன் ஊருக்குப் போய் ஒரு வாரமாகியும் டிராஃப்ட் வரவில்லை. காமில் போய் நிற்கும்போதெல்லாம் ராஜதுரை, "யோசிச்சுக்கிட்டிருக்கேன் தம்பி" என்றார்.

"எதையோ எதிர்பாக்குறாரு" என்றான் காமில் வீட்டில்.

"வெறுங்கையோட போய் நின்னா யாருதான் மதிப்பா?" என்றாள் அவன் மனைவி ஷைமா. அன்றைக்கே ஒரு பை தயாராகிவிட்டது. பேரீச்சம்பழ டப்பா, கோடாலித் தைலம் நாலு பாட்டில், ஒரு டார்ச் லைட். சவூதியிலிருந்து வருகிறவன் நாலு வீட்டுக்குக் கொடுக்கிற சாமான்தான். அதில் தப்பாக ஒன்றும் காமிலின் கண்ணுக்குப் படவில்லை. லஞ்சம் என்றால் உறையில் அல்லவா இருக்கும்?

ராஜதுரையின் வீடு அரியலூரில், ரயிலடிக்குப் போகிற வழியில். காமில் போனபோது அவர் கைலியோடு வாசல் கேட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவனைக் கண்டதும் உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றார். அதற்குள் அவர் மனைவி ரத்தினம்மாள், "வாங்க தம்பி, உள்ள வாங்க, வெயில்ல நிக்கிறீங்களே" என்று கூப்பிட்டுவிட்டார்.

பை டீப்பாய் மேல் உட்கார்ந்தது. ராஜதுரை அதைப் பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதென்ன?"

"ஒண்ணுமில்ல சார். ஊருலேருந்து வந்ததுல கொஞ்சம்..."

"கோடாலித் தைலமா? மூட்டு வலிக்கு இதைத்தான் தடவணும்னு பக்கத்து வூட்டு அம்மாக்கண்ணு சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்று ரத்தினம்மாள் கையை நீட்டினார்.

"தொடாத!"

அம்மாள் கையை இழுத்துக்கொண்டார். "மூட்டு எனக்குல்ல வலிக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டே காபி போடப் போனார். காபி வந்தது, பேச்சு வரவில்லை. காமில் காபியைக் குடித்துவிட்டு, பையை டீப்பாய் மேலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

மறுநாள் காலை ஆபீசில் எல்லோரும் பார்க்க அந்தப் பை ராஜதுரையின் மேசை மேல் இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள், அதன் மேல் பேனா.

"எண்ணிப் பாத்துக்குங்க பாய். பாத்துட்டு, கொண்டு வந்த சாமான் அத்தனையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நேற்று வரைக்கும் 'தம்பி' என்றவர் இன்று 'பாய்' என்றார். காமில் பேனாவை எடுத்தான். "சார், நான் தப்பா நெனச்சு..."

"சாஃப்ட்வேர் ஓசி. லெட்டர்தான் வேணுமாம். லெட்டருக்கு முன்னாடி பேரீச்சம்பழம். இதை எதுல சேக்குறது, நீங்களே சொல்லுங்க."

அவன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வராந்தாவில் சத்தம் கேட்டது. செந்துறைப் பக்கத்திலிருந்து பொன்னாயி என்ற அம்மாள், இடுப்பில் காலிக் குடத்தோடேயே பஸ் ஏறி வந்திருந்தார்.

"எங்க பம்பு ரெடியாயிருச்சுன்னு எவன்யா சொன்னது?"

ராஜதுரை திரும்பி, "நர்மதா, பாரு" என்றார்.

நர்மதா தட்டிப் பார்த்தாள். "சரி செய்யப்பட்டதுன்னு இருக்கு சார். போன மாசம் ஒரு தடவை, இந்த மாசம் ரெண்டு தடவை."

"அப்படியா தாயி? அப்ப அந்தப் பொட்டிக்குத் தண்ணி வந்துருக்கும். குடத்துக்கு வரல" என்று பொன்னாயி குடத்தைக் கம்ப்யூட்டர் பக்கம் சாய்த்துக் காட்டினார். "நீ வேணா பொட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க ஊருக்கு வா. அதுலயே புடிச்சுக்குறோம்."

ஆபீஸே சிரித்தது. ராஜதுரை மட்டும் சிரிக்கவில்லை. "சரி செஞ்சேன்னு யாரு சொன்னா இது முடியும்?" என்று கேட்டார்.

"மெக்கானிக் போன்ல சொன்னா முடிச்சுருவேன் சார்."

"இந்தம்மாவைக் கேக்க அதுல எடம் இருக்கா?"

"இல்லைங்க சார்."

ராஜதுரை சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். காமில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். இனி கடிதம் எங்கே வரப்போகிறது என்று நினைத்தான்.

ஆனால் வந்தது. இரண்டு நாள் கழித்து ராஜதுரையே கூப்பிட்டு டிராஃப்டைக் கையில் கொடுத்தார். இந்த ஆபீசில் ஆறு மாதமாக இந்த சாஃப்ட்வேர் ஓடுகிறது. இந்தக் காலத்தில் ஒரு புகார்கூடத் தொலையவில்லை. இது முதல் பாரா. அடுத்த பாராவில் குறைகள். மெக்கானிக் சொன்னதுமே புகார் முடிந்துவிடுகிறது, புகார் கொடுத்தவரைக் கேட்க வழியில்லை. பதியும்போது கரண்ட் போனால் பாதி பதிந்தது அழிந்து, மறுபடியும் முதலிலிருந்து பதிய வேண்டியிருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஊர் இருந்தால் ஓர் ஊரின் புகார் இன்னோர் ஊரில் ஏறிவிடுகிறது.

பை கொண்டுபோன கோபம் இன்னும் ஆறவில்லை என்று காமில் முடிவு செய்தான்.

"சார், நற்சான்று கேட்டா குற்றப்பத்திரிகை குடுத்திருக்கீங்களே."

"எதாவது பொய்யா இருக்கா?"

"இல்ல சார். ஆனா..."

"இங்க பாருங்க பாய்." ராஜதுரை குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு ஆடிட் வருவான். தெரியாத கம்பெனிக்கு எதுக்குய்யா நற்சான்று குடுத்த, என்ன வாங்குனன்னு கேப்பான். புகழ்ந்தே எழுதியிருந்தா நான் என்ன சொன்னாலும் எடுபடாது. குறையை எழுதியிருந்தா, காசு வாங்குனவன் இப்படி எழுதமாட்டானேன்னு அவனே மூடி வெச்சுருவான். எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் இருக்கு. இப்படித்தான் எழுதுவேன். வேணும்னா அனுப்பலாம், வேணாம்னா விட்டுருவோம்."

இவர் மனதில் விரோதம் இல்லை, பயம்தான் என்பது காமிலுக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய? தாளில் இருந்த மூன்று குறைகளும் அப்படியேதான் இருந்தன.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து நோரீனுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டினான். "அந்த மூன்றும் உண்மைதான், சரி செய்துகொண்டிருக்கிறோம்" என்றாள் அவள். "ஆனால் இரண்டாவது பாரா இல்லாமல் ஒரு கடிதம்... உனக்கு அந்த மனிதர்களைத் தெரியும் காமில். ஏதாவது வழி இருக்காதா?" வழி என்று எதைச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

வழி வேறு பக்கத்திலிருந்து தானாக வந்தது. நர்மதா அவனை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டு, மடித்த தாள் ஒன்றைக் கையில் திணித்தாள். முதல் பாரா மட்டும் இருந்தது. கீழே வைத்திலிங்கத்தின் கையெழுத்தும் ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்பும்.

"என்னம்மா இது?"

"ராஜதுரை சார் லெட்டரோட இதையும் தபால் கட்டுல நடுவுல வெச்சுட்டேண்ணே. அவரு எங்க படிக்கிறாரு? ரெண்டுலயும் போட்டுட்டாரு. உங்க வேலை முடியலைன்னா கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. என்னால மறுபடியும் அந்த டைப்ரைட்டரைக் கட்டிக்கிட்டு அழ முடியாது." சொல்லிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "ராஜதுரை சாருக்குத் தெரிஞ்சா என் கதி அதோகதிதான்."

மறுநாள் தபாலாபீசுக்கு ராஜதுரையும் கூடவே கிளம்பினார். "கம்பெனி கை படக் கூடாதுன்னு நிபந்தனை இருக்குல்ல" என்றார். அரக்கும் ஆபீஸ் முத்திரையும் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. அவனை நம்பவில்லை என்று நேராகச் சொல்லாமல் சொல்லிவிட்டார்.

சாய்வு மேசையில் உறையை வைத்து, கடிதத்தை உள்ளே செருகினார். "வெளிநாட்டு அட்ரஸ் எல்லாம் எனக்குச் சரியா வராது. நீங்களே எழுதுங்க. நான் போய்க் கோந்து எங்க இருக்குன்னு பாக்குறேன்" என்று அந்தப் பக்கம் போனார்.

உறையின் வாய் திறந்தே இருந்தது. காமிலின் கைப்பையில் இன்னொரு தாள். மாற்றுவதற்கு ஒரு இருமல் நேரம் போதும்.

அட்ரஸை எழுத ஆரம்பித்தான். கை எழுதிக்கொண்டிருக்க, மனம் தம்மாம் ஆபீசுக்குப் போய்விட்டது. அங்கே கம்பெனிக்காரர்கள் கொண்டுவரும் நற்சான்றுகளைப் பிரித்து வைப்பதும் அவன் வேலைகளில் ஒன்று. வெறும் புகழ்ச்சியாக இருக்கிற தாள்களை மேனேஜர் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார். எழுதிக் கொடுத்த ஆபீசுக்கு, 'இது நீங்கள் கொடுத்ததுதானா?' என்று ஃபேக்ஸ் போகும். அந்த ஃபேக்ஸை எத்தனையோ தரம் காமிலே அனுப்பியிருக்கிறான். ஆப்பிரிக்காவிலும் ஒரு மேசைக்குப் பின்னால், நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு ராஜதுரை உட்கார்ந்திருப்பார். அவர் ஃபேக்ஸ் போட்டால் அது இந்த ராஜதுரையின் மேசைக்குத்தான் வரும். இவர் ஃபைலை எடுப்பார். அதிலிருக்கும் ஆபீஸ் காப்பியில் இரண்டு பாராவும் இருக்கும். நர்மதாவைக் கூப்பிடுவார்.

ஆனால் அங்கே இருப்பவர் அப்படிப்பட்டவராக இல்லாமல், குறைகளைப் படித்ததும் தூக்கிப் போடுகிற ஆளாக இருந்தால்? இந்தக் கடிதத்தோடு தன் கதையும் முடிந்தது. ஷைமா மறுபடியும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நாட்டின் பெயரை எழுதி அடிக்கோடு போட்டான். கைப்பையின் ஜிப்பைத் தொடவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது ராஜதுரை தூணுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். கோந்து டப்பா சாய்வு மேசையிலேயே, உறைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது என்பதைக் காமில் அப்போதுதான் கவனித்தான்.

அவர் வந்தார். உறைக்குள்ளிருந்து கடிதத்தை வெளியே எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் உதடு அசையப் படித்தார். இரண்டாவது பாராவை மட்டும் இரண்டு தரம் படித்தார். பிறகு காமிலை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை வந்ததா, சந்தேகம்தான் வேறு பக்கம் போனதா என்று சொல்ல முடியாது.

"சரி தம்பி, மெழுகுவத்தியைப் புடிங்க" என்றார்.

காமில் மெழுகுவர்த்தியைப் பிடித்தான். கோந்து தடவி ஒட்டிய மடிப்பின் மேல் அரக்கு சொட்டுச் சொட்டாக விழுந்தது. ராஜதுரை முத்திரையை வைத்து, கட்டை விரலால் அழுத்தி, ஆறுகிற வரைக்கும் எடுக்காமல் வைத்திருந்தார். ரிஜிஸ்டர் கவுண்டரில் உறையை எடை போட்டார்கள், தபால்தலை ஒட்டினார்கள். ரசீதை ராஜதுரை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கவுண்டர்காரர் தேதி முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பின்னால் வாய் திறந்து கிடந்த சாக்குப் பைக்குள் போட்டார்.