திசை பார்க்கிற ஆள்

நெய்வேலி நகரியத்தில், பதினேழாம் பிளாக்கில், வேலுமணியின் குவார்ட்டர்ஸ் வாசலில் நாலு வருடமாக நின்றுகொண்டிருந்த கார், இரண்டாயிரத்துப் பதினாலு ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு முதல்முறையாக நகர்ந்தது. நகர்ந்ததென்னவோ நிஜம். எந்தப் பக்கம் என்பதில்தான் சிக்கல்.

கார் என்றால் சும்மா கார் இல்லை. ஐம்பத்தெட்டாம் வருடம் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட். தலைக்கு மேலே துணிதான், அதுவும் எலி தின்றது போக மிச்சம். பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியின் குடோனில், மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததை வேலுமணி டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். இன்ஜின் விரிசல் விட்டு, பிஸ்டன் துருவோடு துருவாக ஒட்டிப் போயிருந்தது. அடுத்த வீட்டுப் பரமசிவம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்கு ஆர்.சி. புக் வாங்குவீர்களா, இறப்புச் சான்றிதழ் வாங்குவீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வேலுமணிக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் சுரங்கத்து எலக்ட்ரீஷியன். மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுகளின் மோட்டாரை முப்பத்து நாலு வருடம் பார்த்துக்கொண்டவர். அவர் ஓடவைத்த பெல்ட்டில் மலை மலையாக மண் போயிற்று. அவர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தன் கையால் ஓடவைத்த ஒன்றில் தானும் ஏறி ஒருநாளாவது போகவேண்டும் என்பது அவருக்கு ஆசையாக இருந்து, பிறகு பிடிவாதமாக முற்றிவிட்டது.

ஏப்ரல் கடைசியில் அவர் ரிட்டையர் ஆனார். ஜூன் முப்பதாம் தேதிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, சொந்த ஊரான ஆத்தூருக்குப் போகவேண்டும். சாமான் ஏற்ற லாரி சொல்லியாயிற்று. அந்த லாரியில் காருக்கு இடமில்லை என்று அவர் மனைவி சந்திரா சொல்லிவிட்டாள். நாலு வருடமாகத் தன் வாசலில் கோலம் போட இடமில்லாமல் செய்த அந்தக் காரில் அவள் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோதுகூட உட்காரவில்லை. பரமசிவத்தின் கேலியெல்லாம் வேலுமணிக்குத் தூசு. சந்திரா உட்காராததுதான் அவரை உறுத்தியது.

"அந்த வண்டி தானா முன்னால ஓடி இந்த கேட்டைத் தாண்டட்டும். நானும் ஏறி உக்காந்து ஒரு சுத்து வர்றேன். இல்லைன்னா லாரி வர்ற அன்னிக்கே மந்தாரக்குப்பம் பழைய இரும்புக்காரன் வந்து அறுத்து எடுத்துக்கிட்டுப் போவான். சொல்லிட்டேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள். கடைக்காரரிடம் நாள்கூடக் குறித்துக் கொடுத்திருந்தாள்.

இந்த வேலையில் வேலுமணிக்கு இருந்த ஒரே துணை கண்ணையன். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வெல்டர். பழைய வண்டிக்குள் புது இன்ஜின் எப்படி உட்காரும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா எட்டிப் பார்க்க வந்தவர். அந்த எட்டிப் பார்த்தல் நாலு வருடம் நீண்டுவிட்டது. இன்ஜின் சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வந்தது, விபத்தில் நொறுங்கிய ஒரு ஜப்பான் காருடையது. அதையும் பழைய கியர் பாக்ஸையும் சேர்த்து மாட்ட, இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி நடுவில் ஓர் இரும்புத் தகடு வேண்டும். அட்டையை வெட்டி வைத்து, ஓட்டைகளைக் குறித்து, மயிரிழை தப்பாமல் கண்ணையன் அதைச் செய்து முடிக்க ஒன்பது மாதம் ஆயிற்று. இரண்டும் ஒட்டிக்கொண்ட அன்றைக்கு இரண்டு பேரும் குழந்தை பிறந்த மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஜூன் ஞாயிற்றுக்கிழமை பிளாக்கே திரண்டுவிட்டது. முன் சக்கரங்களுக்கு அடியில் சந்திரா எலுமிச்சம்பழம் வைத்தாள். என்ன இருந்தாலும் அந்தச் சடங்கை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரைக் கழற்றி மாட்டினால், ஒருவர் பட்டனிடம் நிற்பார். வயர் மாட்டியவர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்பார். பட்டனை ஒரு நொடி தட்டி விடுவார்கள். பெல்ட் சரியான பக்கம் அசைந்தால் நிற்கிறவர் கையை மேலே தூக்குவார். தப்பான பக்கம் அசைந்தால் கையைக் குறுக்கே ஆட்டுவார். உடனே மூன்று வயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் போட்டால் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அவ்வளவுதான் வைத்தியம். ஆகவே திசை என்பது கடைசியில் பார்த்துக்கொள்கிற சங்கதி என்று வேலுமணிக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது.

"சார், நான் உள்ள குந்திக்கறேன். நீங்க நம்ம வழக்கப்படி வெளிய நின்னு பாருங்க" என்றார் கண்ணையன். வேலுமணி கேட்கவில்லை. நாலு வருடம் காத்திருந்துவிட்டு வெளியே நிற்க அவருக்கென்ன தலையெழுத்தா? ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். கார் ஜம்மென்று பின்னால் போய், சந்திரா வைத்து வளர்த்த முருங்கை மரத்தில் முட்டி, அதை இரண்டாக முறித்துவிட்டு நின்றது. எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

கூட்டம் சிரித்துச் சிரித்து மாய்ந்தது. சந்திரா சிரிக்கவில்லை. பழங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கூட்டம் கலைந்த பிறகு காரைத் தள்ளி நிறுத்தி மறுபடியும் பார்த்தார்கள். இரண்டாவது கியர், பின்னால். மூன்றாவது, அதுவும் பின்னால். ரிவர்ஸ் கியர் போட்டால் மட்டும் சமர்த்தாக முன்னால் போயிற்று.

வேலுமணி முதலில் கியர் ராடைச் சந்தேகப்பட்டார். கியர் பாக்ஸ் மூடியைத் திறந்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். அதில் ஒரு குறையும் இல்லை. அடுத்த ஞாயிறு கண்ணையன் ஒரு சாக்பீஸ் கொண்டுவந்து இன்ஜின் முகப்புச் சக்கரத்தில் கோடு கிழித்தார். இன்ஜினை மெதுவாகச் சுழலவிட்டுக் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து தெருவில் நின்ற பரமசிவத்தின் காரையும் அதேபோல் பார்த்துவிட்டு வந்தார்.

"நம்புளுது எதிர்ப்பக்கம் சுத்திக்கினு கீது சார்" என்றார்.

விசாரித்தால் அது உண்மைதான். ஜப்பான்காரன் அந்தக் காலத்தில் சில இன்ஜின்களை அப்படித்தான் செய்திருந்தான். அவன் கியர் பாக்ஸோடு இருந்தவரை அது சரியாகத்தான் ஓடியிருக்கும். இவர்கள் இரண்டு பேரும் அளவு பார்த்தார்கள், எடை பார்த்தார்கள், போல்ட்டு போல்ட்டாகப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் சுற்றும் என்று மட்டும் பார்க்கவில்லை. பெட்ரோல் இன்ஜினில் மாற்றிப் போட வயரா இருக்கிறது? வேலுமணிக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அதற்குள்ளேயே ஒரு குறுகுறுப்பு எட்டிப் பார்த்தது. ஒரே இரும்பு, ஒரே பெட்ரோல், இதற்கு மட்டும் எப்படி இடம் வலமாகப் போயிற்று என்று அன்று முழுக்க அந்தச் சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணையன் தயங்கித் தயங்கி ஒரு வழி சொன்னார். ரிவர்ஸ் கியரைப் போட்டால் வண்டி முன்னால்தானே போகிறது? கேட்டைத் தாண்டிவிடும். அக்காவுக்கு எந்த கியர் என்று தெரியவா போகிறது? வேலுமணி ஒரு நிமிடம், உண்மையைச் சொன்னால் ஒரு நிமிடத்துக்கும் மேலே, அதை யோசித்தார். பிறகு வேண்டாம் என்றார். அவளை ஏமாற்றி ஏற்றுவதற்கா நாலு வருடம் எண்ணெயில் புரண்டது?

புதன்கிழமை சந்திரா சமையலறைச் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வேலுமணி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவளுக்கு எரிச்சல் வந்தது.

"தையல் மெஷின்ல உக்கார்ற சின்னப் புள்ளகூட சக்கரம் எந்தப் பக்கம் சுத்துதுன்னுதான் மொதல்ல பாக்கும்" என்றாள். "முப்பத்து நாலு வருஷமா ரெண்டு வயரை மாத்தினேன், ரெண்டு வயரை மாத்தினேன்னு வந்து சொல்லுவீங்களே. இந்தக் கருமத்துல மாத்தறதுக்கு ரெண்டா எதுவுமே இல்லையா?"

அவள் குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் வேலுமணி நடப்பதை நிறுத்திவிட்டு நிஜமாகவே எண்ண ஆரம்பித்தார். காரில் எது எது இரண்டு? விளக்கு இரண்டு. கதவு இரண்டு. சீட் இரண்டு. பின் சக்கரம் இரண்டு. பெட்டியிலிருந்து பூரிக்கட்டையை எடுத்தார். இரண்டு முனையையும் பிடித்து, முன்பக்கமாக உருள்கிற மாதிரி சுழற்றினார். சுழற்றிக்கொண்டே இடது முனை வலப்பக்கம் வருகிற மாதிரி கட்டையைத் திருப்பினார். இப்போது அது அவரைப் பார்த்து, பின்பக்கமாக உருண்டது. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் மாறியது.

"என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள் சந்திரா.

அவர் பூரிக்கட்டையோடு வாசலுக்கு ஓடி, காருக்கு அடியில் படுத்துக்கொண்டு கண்ணையனுக்குப் போன் போட்டார். பின் சக்கரங்கள் இரண்டையும் கோத்து நிற்கிற ஆக்சிலின் நடுவே, வயிறு மாதிரி உப்பிய இடத்தில்தான் இன்ஜினின் சுழற்சி சக்கரத்துக்குப் போகிறது. அந்த ஆக்சிலை அப்படியே கழற்றி, இன்ஜினைப் பார்க்கிற முகம் முன்னாலேயே இருக்க, தலைகீழாகப் புரட்டி மாட்டினால் இடது சக்கரம் வலதாகும், வலது இடதாகும். சுற்றும் திசை மாறிவிடும். இரண்டு வயரை மாற்றுகிற அதே வேலை.

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது. குலுக்கலை வாங்கிக்கொள்கிற வில்பட்டையைத் தாங்குகிற இடத்தை அறுத்து மறுபக்கம் வெல்டிங் வைக்கவேண்டும். எண்ணெய் ஊற்றுகிற ஓட்டை அடியில் போய்விடும், மேலே புது ஓட்டை போடவேண்டும். பிரேக் குழாயை வேறு வழியாக வளைக்கவேண்டும். கண்ணையன் அடுத்த இரண்டு ஞாயிறையும் கொடுத்து, ஷிப்ட் முடிந்த சாயங்காலங்களையும் கொடுத்தார். இருபத்தெட்டாம் தேதி கடைசி நட்டை முறுக்கினார்கள். ஜாக்கியில் தூக்கி ஓட்டிப் பார்க்கலாம் என்றார் கண்ணையன். வேலுமணி வேண்டாம் என்றார். சக்கரம் மண்ணில் நிற்கும்போதே தெரியட்டும்.

மறுநாள் காலை யாரையும் கூப்பிடவில்லை. பரமசிவம் மட்டும் பல் விளக்கிக்கொண்டே வந்து மதில்மேல் சாய்ந்தார். சந்திரா புதிதாக இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சக்கரத்தடியில் வைத்தாள். வீட்டுக்குள் மூட்டையெல்லாம் கட்டியாகிவிட்டது. நாளைக் காலை லாரி. அதன் பின்னாலேயே இரும்புக்கடைக்காரர்.

வேலுமணி டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். ஒரு காலைக்கூட உள்ளே வைத்துவிட்டார். அப்புறம் என்ன நினைத்தாரோ, வெளியே வந்து சாவியைக் கண்ணையனிடம் நீட்டினார்.

"வயரை மாத்தினவன் வெளிய நிக்கணும். நீ உக்காரு கண்ணையா."

கண்ணையன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வேலுமணி காருக்கு முன்னால், கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். திரும்பிப் பார்த்தால், இடது பக்கக் கதவைத் திறந்துகொண்டிருந்தாள் சந்திரா.

"கேட்டைத் தாண்டினாத்தான் ஏறுவேன்னு சொன்ன?" என்றார் அவர்.

"தாண்டறப்போ உள்ள இருந்தா ஆகாதா?" என்று புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "பூரிக்கட்டையைத் தேய்ச்சு வச்சிருக்கேன். மறுபடியும் எண்ணெய்க் கையோட தொடாதீங்க."

இரண்டு சீட்டும் நிறைந்துவிட்டன. கண்ணையன் முதல் கியரைப் போட்டார். வேலுமணி குனிந்து சக்கரத்தையே பார்த்தார். முப்பத்து நாலு வருடம் பார்த்த மாதிரியே, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். எலுமிச்சம்பழம் பிதுங்கியது. தோல் வெடித்துச் சாறு மண்ணில் தெறித்தது. சக்கரம் அதன்மேல் ஏறி அவரை நோக்கி வந்தது.

அவர் கையை மேலே தூக்கினார்.

கார் அவரைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, வேப்பமர வரிசைக்கு அடியில் தெருவில் இறங்கியது. இரண்டாவது கியர் மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூன்றாவது. எதிர்ப்பக்கம் சுற்றவேண்டி வந்த பழைய கியர் பற்கள் கொஞ்சம் ஊளையிட்டன, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலேயே நிற்பது முதல்முறையாக அவருக்கு வலிக்கவில்லை. கண்ணில் நீர் வந்ததை அவர் துடைக்கவும் இல்லை.

"என்ன சார், நீங்க போகலியா?" என்றார் பரமசிவம், வாயில் பிரஷ்ஷோடு.

வேலுமணிக்கு அது காதில் விழவில்லை. தெருமுனையில் கார் திரும்புகிற நேரத்தில், இடது பக்கத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. சந்திரா திரும்பிப் பார்க்காமலே கையை நேராக மேலே தூக்கிக் காட்டினாள்.